சரிபங்கு சாரும் ஒரே ஒரு ஃபேனும்

உலகத்தில் சரிபங்குக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கேக் வெட்டினால் இவர்கள் தங்கள் துண்டைப் பார்க்கமாட்டார்கள், அடுத்தவன் தட்டைத்தான் பார்ப்பார்கள். டீ ஊற்றினால் இரண்டு டம்ளரையும் கண்ணுக்கு நேராகத் தூக்கி, நுரையைக் கழித்துவிட்டு அளப்பார்கள். மூளைக்குள் ஒரு மணி தொங்குகிறது. தனக்கு ஒரு வாய் குறைந்தால் போதும், கணகணவென்று அடிக்கும். அதிகமாக வந்தால்? அப்போது மட்டும் மணிக்கு நாக்கு இருக்காது.

அந்தக் கூரியர் ஆபீஸின் தலைமை குமாஸ்தா இந்த இனத்தின் தங்கமான மாதிரி. சரிபங்கு சார் என்றால்தான் தெரியும். அறையில் மூன்று பேர், ஒரே டேபிள் ஃபேன். விலாசங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண்ணுக்கு எட்டாவது மாதம். பார்சல் கட்டும் அக்கா ஒருநாள் ஃபேன் சுற்றுவதை நிறுத்தி, அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள். சார் மண்டைக்குள் மணி பிய்த்துக்கொண்டு அடித்தது.

"என்ன அநியாயம் இது? காத்து எல்லாருக்கும் பொது!"

"புள்ளத்தாச்சிப் பொண்ணு சார். நேத்து மயக்கமா வருதுன்னு மேஜையிலயே சாஞ்சுட்டா."

"பாவம்தான், நான் இல்லேங்கல. இன்னிக்கு வயித்துக்கு விட்டா, நாளைக்கு முழங்கால் வலின்னு நீங்க வருவீங்க. நியாயம்னா மூணு பேருக்கும் ஒண்ணுதான்."

ஃபேன் மறுபடி சுற்றியது. காற்று வந்தபோது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். போனபோது ஓர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். சமத்துவத்தை நிலைநாட்டிய கதையைச் சார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் அவருக்கு மட்டும் இரண்டாம் தடவை காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் பழைய ஃபேன் புகைந்து உயிரை விட்டது. முதலாளி பெரிய சுவர் ஃபேன் அனுப்பினார். எலெக்ட்ரீஷியன் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஆணி நிற்பது இங்கேதான் என்று சாரின் மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனார். கயிற்றை ஒருமுறை இழுத்தால் சுற்றும், மறுமுறை இழுத்தால் பார்த்த திசையிலேயே நிற்கும். சார் எழுந்தார். அது தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்தார். இழுத்தார். மணியா? மூச்சு விடவில்லை.

"சார், கொஞ்சம் சுத்த விடுங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

"சுத்த விட்டா மூணு பேருக்குமே பத்தாதும்மா. ஒருத்தராவது ஒழுங்கா வேலை பாக்கட்டும்."

மூளை மளமளவென்று காரணங்களை எடுத்துக் கொடுத்தது: சர்வீஸ், வயது, வழுக்கை, போதாக்குறைக்குச் சுவரின் தலையெழுத்து. அந்தப் பெண்ணோ, பிரசவத்துக்குப் பிறகு குழந்தையோடு இருக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த விடுப்பில் ஒரு மாதத்தை அன்றைக்கே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறக்காத பிள்ளையின் பங்கிலேயே கை வைத்துவிட்டார், பாவி மனுஷர்!

அவள் படியிறங்கியதுதான் தாமதம், சார் துள்ளி எழுந்தார்.

"அவளுக்கு மட்டும் இப்பவே லீவா? இதென்ன நியாயம்?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த மணியை அவர் மட்டும் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளவில்லை, எல்லார் மண்டையிலும் ஒன்று தொங்குகிறது. "எனக்கு அதிகமா வந்துடுச்சு, இது அநியாயம்" என்று நீங்கள் கடைசியாகச் சண்டை போட்டது எப்போது? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். என்ன அவசரம், காற்று உங்கள் பக்கம்தானே அடிக்கிறது?