வேகக் கட்டத்தைக் காலியாக விடுபவர்

வானியல் கூடங்களில் ஓர் இனம் உண்டு: எதைப் பார்த்தாலும் 'இளசு' என்று சத்தியம் செய்பவர். வானியல் கூடத்துப் பக்கமே போனதில்லையா? பரவாயில்லை, உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார்.

சூரியனுக்கு அக்கம்பக்கத்தில், விண்மீனாகும் அளவுக்கு எடை சேராமல் மங்கலாக ஆறிக்கொண்டு கிடக்கும் பிண்டங்களுக்குப் பழுப்புக் குறுமீன் என்று பெயர். கிழடுகள் ஏராளம், எடை குறைந்த இளசு கிடைப்பது குதிரைக்கொம்பு. நம்மவருக்கோ வாரம் ஒன்று கிடைக்கும். பத்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைத் திரையில் மாற்றி மாற்றித் தட்டுவார். ஒரு சிவப்புப் புள்ளி இம்மியளவு நகர்ந்தால் போதும், நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டும். உதவி ஆய்வாளரைக் கூப்பிடுவார்:

"பாத்தியாம்மா? ஒண்ணாப் பொறந்த இளம் விண்மீன் கூட்டம் ஒண்ணு அந்தப் பக்கம் போகுதுல்ல, இது அதுங்களோட கடைசித் தங்கச்சி!"

உறவை நிரூபிக்க அட்டவணையில் நாலு கட்டம் நிரப்ப வேண்டும்: இடம், தூரம், வானில் நகர்வு, நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகம். மூன்றை நிரப்புவார். நாலாவதை விட்டுவிடுவார். ஏன்? காலியாக விட்டால், கூட்டத்துக்குப் பொருந்துகிற வேகத்தைக் கணினியே வைத்துக்கொண்டு 'உறவு தொண்ணூற்றுநாலு சதவீதம்' என்று சொல்லும். அளந்து போட்டால் என்ன சொல்லுமோ, யார் கண்டது?

இந்தத் தங்கச்சி விஷயத்தில் அவருடைய உதவி ஆய்வாளர் அந்த வேகத்தை அளந்துவிட்டாள். தங்கச்சியைப் பற்றிய கட்டுரைதான் மூன்று வருடம் உழைத்து அவள் பெயர் அச்சில் வரப்போகும் முதல் கட்டுரை.

"சார், வேகம் ஒட்டவே இல்ல. உறவு ரெண்டு சதவீதம்தான்."

"கருவி சூடாகியிருக்கும்மா."

"ரெண்டு தடவ அளந்தேன் சார்."

"அப்ப ரெண்டு தடவ சூடாகியிருக்கு."

"அப்படின்னா என் பேர எடுத்துடுங்க சார்."

எடுத்துவிட்டார், தயங்காமல். கட்டம் காலியாகவே அச்சேறியது.

மறு வருடம் வேறொரு குழு அதே வேகத்தை அளந்து, கூட்டத்தோடு உறவே இல்லை, கடைசித் தங்கச்சிக்கு வயது எழுநூறு கோடி வருடம் என்று போட்டு உடைத்தது. நம்மவர் கலங்கினாரா? கருத்தரங்க மேடையில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எனக்கு அப்பவே சந்தேகம். என் உதவியாளர் ஒழுங்கா அளந்திருந்தா இந்தத் தலைக்குனிவு வந்திருக்காது." அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். 'எனக்கென்ன, உடம்பு கல்லு மாதிரி' என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு மாதமாக ரத்தப் பரிசோதனை முடிவு வந்த உறை ஒன்று ஒட்டியபடியே கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.