சோம்பேறி மரத்தின் தகப்பனில்லாப் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, பிஷ்கெக்கிலிருந்து அக்கா மகள் பெரிசாத் பணிவோடு எழுதுவது. நீங்கள், சாபிரா அத்தை, குதிரை, ஆடுகள் எல்லோரும் சௌக்கியமா? முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி திட்டப்போகிறேன்.

நம் காட்டில் எல்லா அக்ரூட் மரமும் அவசர அவசரமாகப் பூத்து, பனியில் கருகும்போது, உங்கள் சோம்பேறி மரம் மட்டும் எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாகப் பூக்கிறது. அப்போது காட்டில் மருந்துக்குக்கூட மகரந்தம் கிடையாது. இருந்தும் காய்க்கிறது. அந்த மரத்தில்தான் வன அதிகாரி எர்கெபாய் வெட்டுவதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். கிழட்டு மரமாம். அடிமரத்தில் புடைத்திருக்கும் முண்டு எந்த ஊர்ப் பணக்காரனின் சாப்பாட்டு மேசையாகப் போகிறதென்று ஆடுகளுக்கே தெரியும். காட்டில் முதுகொடியக் கொட்டை பொறுக்குவது நாம், கையெழுத்துப் போட்டு விற்பது அவர். "அபூர்வ விதை மரம்னு ஆய்வுக்கூட முத்திரையோட காகிதம் கொண்டு வாங்க, என் கைக்குட்டையாலேயே பெயின்ட்டைத் துடைச்சு விடறேன்" என்று சிரித்தாராமே!

அதற்காகத்தான் உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அந்தக் கொட்டைகளில் முளைத்த கன்றுகள் கொல்லையில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி இலை, தாய் மரத்திலிருந்து ஒன்றே ஒன்று, அதற்குச் சிவப்பு நூல் கட்டி, சோதனைக்கு அனுப்புங்கள் என்று. சாதாரணமாகப் பிள்ளைக்குப் பாதி அடையாளம் தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. எல்லாக் கன்றிலும் தாயின் மரபணு அடையாளங்கள் ஒன்று குறையாமல், புதிதாக ஒன்று சேராமல் இருந்தால், விதை தகப்பனே இல்லாமல் உருவானதென்று அர்த்தம். அப்புறம் ஒட்டுக்கட்டத் தேவையில்லை. கொட்டையை ஊன்றினால் போதும், ஊருக்கே பனிக்குத் தப்பும் மரம்.

டாக்சிக்காரர் பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே உலர்ந்து சுருண்ட இலைகள், கூடவே உப்புத் தயிர் உருண்டை. சோதித்தோம். எல்லாம் அச்சு அசலாகத் தாய்! நான் ஆய்வுக்கூடத்தில் குதித்த குதியில் கண்ணாடிக் குடுவை ஒன்று போனது. அந்த நேரம் பார்த்து நீங்கள் போன் செய்தீர்கள்.

"கன்னெல்லாம் பச்சப்புள்ளைங்கம்மா. நாலு இலைதான் இருக்கு, அதையும் பிடுங்க மனசு வரலை. அதான் எல்லாத்தையும் பெரிய மரத்துலயே பறிச்சுட்டேன். அம்மாவும் புள்ளையும் ஒண்ணுதானே? நீதானே சொன்னே!"

மாமா, அது ஒன்றா என்று கண்டுபிடிக்கத்தான் சோதனையே! பேராசிரியர் ஷார்ஷெயெவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வாழ்த்துக்கள் பெரிசாத். ஒரு மரம் அதே மரம் மாதிரியே இருக்குன்னு நிரூபிச்சுட்டே" என்றார். கூடமே சிரித்தது. "கிராமத்து ஆளுங்களை நம்பினா இப்படித்தான்" என்றான், காட்டைப் படத்தில் மட்டும் பார்த்த ஒருவன். அவனை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது, அத்தை படிப்பார்.

மறுபடியும் அனுப்புங்கள். பனி விழுந்து கன்று இலை உதிர்ந்தால் எல்லாம் போச்சு. காய்க்காத மரத்தை நம் ஊரில் ஒருவர் கோடரியோடு மிரட்டுவார், இன்னொருவர் ஓடி வந்து "இந்த வருஷம் விட்டுடுங்க" என்று ஜாமீன் நிற்பார். இப்போது காய்க்கிற மரத்துக்கே நிஜக் கோடரி வருகிறது. ஜாமீனுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

உங்கள் கூரை உயர, மந்தை பெருக, கோபத்தோடும் அன்போடும்,
பெரிசாத்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அத்தை போன் செய்தார்.

"உங்க மாமா கட்டினதைப் பிரிச்சேன்டி. ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். நீ குட்டி இலைன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சே! சிவப்பு நூல் கட்டினதை மட்டும் விட்டுட்டு, மத்ததையெல்லாம் கம்பளிச் சாய அண்டாவுல போட்டுட்டு, கன்னுலேருந்து நான்தான் பறிச்சு வச்சேன். அந்த மனுஷன்கிட்ட சொன்னா கன்னுக்காக அழுவாரு."

சோதனைக்குப் போக மிச்சமிருந்த இலைகளை நனைத்து விரித்துப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டிய ஒன்றுதான் பெரிது. மற்றதெல்லாம் குட்டி, கன்றுகளின் இலைகளேதான். பேராசிரியர் முத்திரையை எடுத்தார்.

மேலே திட்டியது முழுவதும் ரத்து. காகிதத்தோடு வெள்ளிக்கிழமை வருகிறேன். எர்கெபாயைக் கைக்குட்டை துவைத்து வைக்கச் சொல்லுங்கள்.