நான் இரட்டிப்பாக்கிய சிங்கங்கள்

பொறுமை என்பது எனக்குக் கொஞ்சமும் கிடையாது. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவேன் (நகரத்துக்கு வெகு தள்ளி இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து நடந்து எங்கே போவது என்று கேட்காதீர்கள்). அப்படிப்பட்டவனைப் பிடித்துச் சிங்கம் எண்ண வைத்தார் சுகந்தி அக்கா.

அக்கா இங்கே பல்கலைக்கழகத்தில் சிங்க ஆராய்ச்சி செய்கிறவர். ஆப்பிரிக்கக் காட்டில் கட்டிவைத்த கமராக்கள் எடுக்கும் படங்கள் அவரிடம் வரும். மீசைப் பக்கத்துப் புள்ளிகள் சிங்கத்துக்குச் சிங்கம் வேறு. அதைப் பார்த்து, ஒன்றையே இரண்டு தரம் எண்ணாமல் கணக்கெடுக்க வேண்டும். வருடா வருடம் குறைந்துகொண்டிருந்த சிங்கங்கள். அங்கே காவலாளிகளைக் கூட்டுவதா குறைப்பதா என்று இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

மூன்று மாத வேலையை மூன்று வாரத்தில் முடித்தேன். இலக்கம் போட்டு அலுத்துப்போய், சிங்கங்களுக்கு எங்கள் சொந்தக்காரரின் பெயர்களை வைத்தேன். செயின்ட்-மிஷேலில் ஒரே தெருவில் இருந்துகொண்டு வருடக்கணக்காக ஒருவரோடொருவர் கதைக்காத பெரிய மாமிக்கும் சின்ன மாமிக்கும் ஆளுக்கொரு பெண்சிங்கம். கூட்டிப் பார்த்தால் போன தடவையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் காட்டு அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார். நான் சிங்க இனத்தையே காப்பாற்றியவன் போல நடமாடினேன்.

அடுத்த நாள் காலை அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, பெரிய மாமியின்ர படமெல்லாம் இடக்கன்னம். சின்ன மாமியின்ரது முழுக்க வலக்கன்னம். கவனிச்சனீரோ?"

"ஓம் அக்கா. ரெண்டிலயும் புள்ளி வேற. அதாலதான் ரெண்டு சிங்கம்."

"ஒரு சிங்கத்துக்கு எத்தினை கன்னம்?"

கொஞ்சம் யோசித்தேன் (உண்மையாகவே யோசித்தேன்). இரண்டு கன்னத்திலும் புள்ளி வேறாகத்தான் இருக்கும், முகம் முழுதும் தெரியும் படத்தைத் தேடி ஒப்பிட வேண்டும் என்று முதல்நாளே அக்கா சொல்லித் தந்திருந்தார். தேட எனக்கு ஏது பொறுமை? அன்று தேடிப் பார்த்தபோது, ஜென்மப் பகையாளிகளான மாமிமார் இருவரும் ஒரே சிங்கம்.

மத்தியானத்துக்குள் பாதிச் சிங்கங்களை ஒரு விரலால் அழித்தேன். எந்த வேட்டைக்காரனும் அவ்வளவு வேகமாகக் கொன்றிருக்க மாட்டான். மிஞ்சியது போன தடவையைவிடக் குறைவு. அக்கா திரும்பவும் தொலைபேசி எடுத்து, அவ்வளவு இல்லை என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். என்னை அவர் ஏசவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இல்லாமல் போன சிங்கங்களை நினைக்கக் கவலையாக இருந்தது.

இதை வீட்டில் சொன்னது அடுத்த பிழை. போன கிழமை மகளின் பிறந்தநாளுக்குக் கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சாப்பாடு சொல்லும்போது, "எண்பது பேர்" என்றேன். மனைவி தொலைபேசியைப் பறித்தாள்.

"அண்ணை, நாப்பது எண்டு போடுங்கோ. இவர் ஆக்களின்ர ரெண்டு கன்னத்தையும் எண்ணுறவர்."