ஓரம் போட்டோ ப்ளீஸ்

இந்த உலகத்தில் எதையுமே நேருக்கு நேர் பார்க்காத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் ஓரம் பாய். வடையைக் கொடுத்தால் வடையின் ஓரத்தைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை பெயரைப் படிக்காமல் அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடுவார். எங்கள் ஊர் பால்கோவாவை வாங்கிக் கொடுத்தாலும் காகிதத்தின் ஓரத்தில் நெய் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஒருமுறை ராஜபாளையம் நாய் வாங்கப் போன நண்பருக்குத் துணையாகப் போனவர், சாதி நாய்தானா என்று குனிந்து அதன் காதோரத்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். நாய் பதிலுக்கு அவருடைய கைலி ஓரத்தைப் பிடித்துப் பார்த்தது. முக்கால் கைலியோடு பஸ் ஏறி வந்தார்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தும் எனக்கு அது தெரியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் செக்கிங், நான் டெஸ்பாட்ச். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். சுருட்டி அடுக்கிய துணியை அவர் பிரிக்கவே மாட்டார். ரோலின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு, “ஏழாம் நம்பர் தறி. நூல் தளந்திருக்கு” என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இது வேலையோடு நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மனிதருக்கு மகன் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டான். அதில் பழைய காசுகளை ஏலம் விடும் தளங்கள் இருப்பதை பாய் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஏலம்தான். அவருடைய டிபன் கேரியரில் கீழ் அடுக்கில் சோறு, நடு அடுக்கில் குழம்பு, மேல் அடுக்கில் ஒரு காந்தம், நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ், உள்ளங்கை அகலத் தராசு, ஒரு பாக்கெட் நோட்டு. அப்பளத்துக்கு இடமில்லை.

ஏலத்தில் காசு போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் அனுப்பும் செய்தி ஒன்றுதான்: “ஓரம் போட்டோ ப்ளீஸ்.” தலையைக் காட்டுவான், பூவைக் காட்டுவான், ஓரத்தைக் காட்ட மாட்டான் என்பது அவர் சித்தாந்தம். அச்சில் அடித்த காசின் ஓரம் ஒழுங்காக இருக்குமாம். உருக்கி வார்த்த போலிக்கு ஓரத்தில் ஒட்டுக்கோடு விழுமாம். அதை மறைக்க அரத்தால் ராவியிருப்பார்களாம். தொல்லை தாங்காமல் பாதிப் பேர் அவரை பிளாக் செய்துவிட்டார்கள். வடக்கே ஒருவர் இந்தியில் அரைப் பக்கத்துக்குத் திட்டி அனுப்பினார். பாய்க்கு இந்தி தெரியாது. காசைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறாரே என்று நன்றி சொல்லிக் கும்பிடும் கை ஒன்றையும் அனுப்பிவைத்தார்.

“தம்பி, இங்க பாரும். இவன் பேரு ஒண்ணு, அவன் பேரு ஒண்ணு. இவன் விக்கான், அவன் வெலைய ஏத்திக் கேக்கான். ரெண்டு பேரு போட்டோவுலயும் காசப் பிடிச்சிருக்க பெருவிரலப் பாரும். நகத்துல ஒரே வெட்டு!”

“அதனால என்ன பாய்?”

“விக்கவனும் கேக்கவனும் ஒரே ஆளுவே! நடுவுல நம்மள மாதிரி ஒருத்தன் தலையக் குடுக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கான்.”

அப்படித் தலையைக் கொடுத்த ஒருத்தன் நான். அபூர்வமான பிழைக் காசு, ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லாத ஒரு ரூபாய், இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று போட்டிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து எடுத்தேன். பாயிடம் காட்டியபோது என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அவர் என்னை எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

“மாஸ்டர், கல்லாவச் செத்த நேரம் தொறங்க.”

சில்லறையைக் கவிழ்த்துப் பரப்பினார். “காசு அடிக்கிற ஊருக்கு ஒரு குறி உண்டு. வைரக்குறி இருந்தா பம்பாய். நட்சத்திரம்னா ஐதராபாத். புள்ளின்னா நொய்டா. கல்கத்தாக்காரன் குறியே போட மாட்டான். அது பெழையில்ல தம்பி, அவன் வழக்கம்.” சொல்லிக்கொண்டே குறியில்லாத ரூபாய்கள் நாலைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். “தம்பி வாங்குன வெலைக்கு இது ஆறாயிரம். மாஸ்டர், நீங்க இம்புட்டுப் பணக்காரர்னு சொல்லவே இல்லியே!” அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் கடையில் எனக்கு மீதிச் சில்லறை கொடுக்கும்போதெல்லாம் மாஸ்டர், “குறி இருக்கா, பாத்துக்கிடுங்க” என்பார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஒரு காசுகூட ஏலத்தில் எடுத்ததில்லை. எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். “வாங்கிட்டா பொறவு பாக்கது முடிஞ்சிருமே தம்பி” என்றார்.

பேக்கிங்கில் செல்வி என்று ஒரு பெண். கூமாப்பட்டியிலிருந்து வருவாள். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு செம்புக் காசை பாய் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர், இருநூறு வருடத்துக்கு முந்திய ஆண்டு. அவள் அம்மா சாகும்வரை சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்ட காசு. “இது ஒண்ணுதான் உனக்கு நான் வச்சிட்டுப் போற சொத்து” என்று சொல்லிக் கையில் கொடுத்தாளாம். ஏலத்தில் இதே காசுக்கு மூன்று லட்சம் போட்டிருக்கிறது. செல்வியும் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டாள். மறுநாளே சென்னையிலிருந்து ஒருவன் போன். எட்டு லட்சத்துக்கு ஆள் தயார், பதிவுக் கட்டணம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும் முதலில் அனுப்ப வேண்டும்.

பாய் காந்தம் வைத்தார், நிறுத்தார், லென்ஸை மாட்டி ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் சாப்பாட்டை மறந்து நின்றோம்.

“தாயி, இது காசு இல்ல. டோக்கன். கம்பெனிக்காரன் ராமர் படம் போட்டுக் காசே அடிக்கல. கோயில் வாசல்ல, திருவிழாவுல விக்கிறது. இந்தா ஓரத்துல ஒட்டுக்கோடு, அரம் போட்ட தடம்.”

“மூணு லச்சம்னு போட்டிருக்கே பாய்!”

“அது கேக்குற வெல. கேக்கதுக்கு வாய் போதும். வித்த வெல எங்கயாச்சும் போட்டிருக்கா, பாரு.”

செல்வியின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப எங்கம்மா பொய் சொல்லிட்டுச் செத்தாளா? உங்களுக்குத் தெரிஞ்சது ஓரந்தான். நல்லதா நாலு வார்த்த தெரியாது.” காசைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். பாய் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் செல்வி வந்தபோது காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி இருந்தது. தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது, பணம் அவள் கணக்கில் ஏறிவிட்டது, மத்தியானம் அனுப்பப் போகிறாள். சொன்னபடி பன்னிரண்டரைக்கு அந்தச் சென்னைக்காரன் கூப்பிட்டான். பாய் எழுந்து போய் அவள் எதிரே நின்றார். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார்.

“தாயி, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேன். பொறவு உன் இஷ்டம்.”

அவள் வேண்டாவெறுப்பாக ஸ்பீக்கரைப் போட்டாள்.

“தம்பி, நான் செல்விக்கு அண்ணன் முறை. காச நல்லாப் பாத்தீயளா?”

“கமிட்டியே பார்த்து ஓகே பண்ணிட்டாங்க சார்.”

“ஓரம்?”

“ஓரம் சூப்பர் சார். ஒரிஜினல் ஓரம். கமிட்டியில அதைப் பார்த்துத்தான் அசந்துட்டாங்க.”

 செல்வி போனையே முறைத்துப் பார்த்தாள். “நான் ஓரத்த அனுப்பவே இல்லியே” என்றாள் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. “ஏலே! நான் ரெண்டு பக்கந்தானல அனுப்புனேன்! எந்த ஓரத்தலே பாத்த நீ?” அதற்கப்புறம் அவள் பேசிய கூமாப்பட்டித் தமிழைப் பத்திரிகையில் போட முடியாது. அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தும் அவள் நிறுத்தவில்லை.

திட்டி முடித்ததும் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தோடு தப்பியது, ஆனால் அம்மாவின் சொத்து போய்விட்டதே. பாய் காசைக் கேட்டு வாங்கினார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் ஒரு காசின் முகத்தில் லென்ஸை வைத்ததை நான் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“தாயி, பழசாக் காட்டணும்னு நெனைக்கவன் அமிலத்துல முக்குவான். எல்லா எடமும் ஒண்ணுபோல தேயும். இதுல ராமர் பாதம் மட்டும் வழவழன்னு போயிருக்கு. அம்மா எப்படிக் கும்பிடுவாவ?”

செல்வி கட்டைவிரலைக் காற்றில் வைத்துத் தேய்த்துக் காட்டினாள். “தெனம் காலையில இப்படித் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா.”

“அதான். இந்தத் தேய்மானத்த எந்தக் களவாணிப் பயலாலயும் போலியாச் செய்ய முடியாது.” நோட்டை எடுத்து எழுதி, தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். “டோக்கன். ஓரம் ராவியது. தேய்மானம் அசல்.” அன்று சாயங்காலமே செல்வி தோட்டை மீட்டுப் போட்டுக்கொண்டாள். காசு மறுபடி சாமி மாடத்துக்குப் போனது, அந்தத் தாளோடு.

போன வருடம் பாய் வேலையை விட்டார். எல்லாரும் சேர்ந்து ஒரு பித்தளைத் தாம்பாளம் வாங்கினோம். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் நடுவில் ஊசியை வைத்தபோது செல்வி தடுத்துவிட்டாள். “நடுவுல வெட்டினா அவரு ஆயுசுக்கும் பாக்க மாட்டாரு. ஓரத்துல வெட்டுங்க.” விழாவில் முதலாளி தாம்பாளத்தைக் கொடுத்தார், கூட்டம் கைதட்டியது. பாய் எதிர்பார்த்தபடியே அதைச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தார். “ஓரம் பாய். அசல். இப்படிக்கு பேக்கிங்.” கட்டைவிரலால் எழுத்துகளை ஒருமுறை நெருடினார். பிறகு, “எழுத்து கோணலா இருக்கு” என்றார்.

இப்போது கோவையில் மகன் வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை ஏலத்திலிருந்து ஏதாவது ஒரு காசின் படத்தை அவருக்கு அனுப்பிவிடுகிறேன். வாங்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. ஒரு நிமிடத்துக்குள் “ஓரம் போட்டோ ப்ளீஸ்” என்று பதில் வந்துவிடும். மனிதர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.