கட்டுப்பாட்டுக் குழுவைக் கெடுத்தவன் எழுதுவது

கொட்டாஞ்சேனை,
09.08.2003, சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாக்ரெட் அக்காவுக்கு, தம்பி ஹியூபேட் எழுதிக்கொள்வது.

இங்கே நான், றோஸி, மகள் பிறிஜெற் மூவரும் ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறோம். மூவரில் ஒருத்தி இன்னொருவனோடு பதினொரு நாளாகக் கதைப்பதில்லை என்பதைத் தவிர வீட்டில் ஒரு குறையும் இல்லை. மன்னாரில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமென்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன முறை றோஸிக்குப் பல்லுப் பிடுங்கினதைப் போனில் சொல்ல, நீங்கள் அவவின் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டீர்கள். ஆகவே கடிதம்.

பிறிஜெற் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே கல்வியியலில் முதுமாணிப் படிப்பும் செய்வது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு ஆராய்ச்சி செய்யவேண்டும். பின்னக் கணக்கைப் புத்தகத்தில் உள்ளபடி படிப்பிக்காமல், ரொட்டியை வெட்டியும் கடதாசியை மடித்தும் கதை சொல்லியும் படிப்பித்தால் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்குமா என்பதுதான் அவளுடைய கேள்வி. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, கோயில் பங்கு மண்டபத்தின் நடுவே பலகைத் தட்டி வைத்து, அந்தப் பக்கம் இருபது, இந்தப் பக்கம் இருபது என்று இருத்தினாள். அந்தப் பக்கத்துக்குப் புது முறை. அதைப் படிப்பிக்க அவளுடைய சிநேகிதி லுத்பியா டீச்சர் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தா. இந்தப் பக்கத்துக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். அதைப் பொறுப்பெடுத்த கிளறன்ஸ் மாஸ்டருக்கு முதல் வகுப்புக்கு இரண்டு நாளைக்கு முன் கொப்பளிப்பான் அம்மை போட்டுவிட்டது. அப்போதுதான் என் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"அப்பா, ஆறு சனிக்கிழமை மட்டும். புத்தகத்தில இருக்கிறதை அப்பிடியே படிப்பியுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் லிகிதராக இருந்தவனைக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாகப் போட்டதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. முதல் சனிக்கிழமை விசிலோடு போனேன். இருபது பேரையும் உயரப்படி வரிசையில் நிறுத்தி, நகம் பார்த்து, தலைமயிர் பார்த்து, ஒருவரும் மூச்சு விடாதபடி இருத்தி வைத்திருந்த நேரம் பிறிஜெற் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"கட்டுப்பாடு" என்றேன்.

வீட்டுக்கு வந்துதான் விளக்கம் சொன்னாள். கட்டுப்பாட்டுக் குழு என்றால் அடக்கி வைக்கிற குழு இல்லையாம். புதிதாக ஒன்றுமே செய்யாமல் வழமைப்படி விடுகிற குழுவாம். மற்றக் குழுவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புது முறையால் பலன் வந்ததா, இல்லையென்றால் பிள்ளைகள் ஆறு கிழமை வளர்ந்ததால் வந்ததா என்று தெரியுமாம். எனக்கு விளங்கவில்லை. றோஸி குசினிக்குள்ளிருந்து, "ஒரு சட்டியில புளிக்குக் கொறக்கா போட்டு, ஒரு சட்டியில போடாமல் மீனைக் காய்ச்சினால்தானே கொறக்கா என்ன செய்யுதெண்டு தெரியும்" என்றா.

"அப்ப நான் கொறக்கா போடாத சட்டியோ?"

"ஓம்" என்றார்கள் தாயும் மகளும் ஒன்றாக.

சரி, மகளின் படிப்புக்காகத் தாங்கிக்கொண்டேன். விசிலை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திறந்து பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து படிப்பித்தேன். அக்கா, அது லேசான காரியமில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு, கைதட்டு, தேங்காய் ரொட்டி வாசம். இந்தப் பக்கம் "தொகுதியெண் மேலே, பகுதியெண் கீழே." நான் கரும்பலகையில் கோடு கீற, என் இருபது பேரும் பலகைத் தட்டியின் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்வாங்கில் ஷபீகா என்று ஒரு பிள்ளை, றவூப் நானாவின் மகள், கையைத் தூக்கினாள்.

"சேர், நாங்க ஏன் அந்தப் பக்கம் இல்ல? நாங்க மக்குப் புள்ளைகளா?"

"இல்லை மகள். சீட்டுக் குலுக்கினது. உங்களுக்கு இந்தப் பக்கம் விழுந்தது."

"அப்ப எங்களுக்கு விழுந்தது நல்லமில்லாத சீட்டா சேர்?"

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ கப்பல் கப்டன்மாருக்குப் பதில் சொன்னவன், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் சோக்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பின்னேரமே றவூப் நானா வீட்டுக்கு வந்துவிட்டார். நம்முடைய சந்தியில் புடவைக்கடை வைத்திருக்கிறவர், தங்கமான மனுசன், ஆனால் அன்றைக்கு முகம் கடுகடுவென்றிருந்தது.

"மாஸ்டர், எங்கட மகள் வந்து சோறு தின்னல்ல. அந்தப் பக்கத்துப் புள்ளைகள் ரொட்டி தின்டு தின்டு படிக்கிறாங்களாம். எங்கட புள்ளைகள மட்டும் சும்மா வெச்சிருக்கிறாங்களாம். இவங்க என்ன குத்தம் செஞ்ச?"

ஆராய்ச்சி, ஒப்பீடு, கொறக்கா எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி மாஸ்டர். ஆனா எங்கட மகள் மீன் சட்டியா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன் அக்கா. கதையோடு கதையாக, உங்கள் கடையில் கஜக்கணக்கில் துணி அளக்கிறபோது அரை யார், முக்கால் யார், ஒன்றேகால் யார் என்றுதானே வெட்டுகிறீர்கள், அதுதானே பின்னம் என்று சொன்னேன். சொன்ன பிறகு அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

புதன்கிழமை பின்னேரம் இருபது பேரும் கடைக்குள் நின்றார்கள். றவூப் நானா பித்தளைக் கோலை எடுத்துக் கொடுத்து, மிச்சத்துண்டு மூட்டையை அவிழ்த்துவிட்டார். ஷபீகா பாவாடைக்கு முக்கால் யார் அளந்தாள், இன்னொருத்தி அதில் பாதி தலையணை உறைக்கு வேணுமென்றாள், முக்காலில் பாதி எவ்வளவென்று அவர்களே சண்டை பிடித்து, துணியை மடித்து, எட்டில் மூன்று என்று கண்டுபிடித்தார்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, கதிரையில் இருந்து சோடா குடித்தேன். சனிக்கிழமையில் புத்தகம், புதன்கிழமையில் புடவைக்கடை என்று நாலு கிழமை ஓடியது. பிறிஜெற்றுக்குத் தெரியாது. சனிக்கிழமைப் பாடத்தில் நான் எதையும் கூட்டவில்லை, புதன்கிழமையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று என் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு சோதனை வந்தது. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஐம்பதுக்குச் சராசரி இருபத்திரண்டு எடுத்த பிள்ளைகள். இப்போது லுத்பியாவின் பக்கம் இருபத்தொன்பது. என் பக்கம் நாற்பத்தொன்று. ஒரு அரைமணி நேரம் நான் கொழும்பிலேயே பெரிய மனுசன். அதற்குப் பிறகு குசினிக்குள் போனால், பிறிஜெற் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுகிறாள். ரொட்டியும் கதையும் பிள்ளைகளுக்கு உதவாது என்று ஆராய்ச்சி முடிவு வந்துவிட்டதாம். எட்டு மாத உழைப்பு. பேராசிரியை முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்கிறாள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனவள்தான். இப்போது "அம்மா, உங்கட மனுசனுக்குக் கடிதம் ஒண்டு வந்திருக்கு" என்கிறாள், நான் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே.

அக்கா, நீங்கள் அவளுக்கு ஞானத்தாய். நீங்கள் சொன்னால் கேட்பாள். அப்பா செய்தது பிழைதான், ஆனால் வஞ்சகமில்லை, அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியைத் தாங்கமுடியாமல் செய்தது என்று ஒரு நாலு வரி அவளுக்கு எழுதிப்போடுங்கள். இந்த முழங்காலோடு நேரில் வந்து அலையவேண்டாம். கடிதமே போதும்.

மடு மாதா உங்களைக் காக்க. றோஸி தன் அன்பைச் சொல்லச் சொன்னா. பிறிஜெற்றும் சொல்லியிருப்பாள், கேட்க வழியில்லை.

இப்படிக்கு,
பிழை செய்த தம்பி,
ஹியூபேட்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்த நேரம் லுத்பியா டீச்சர் வந்து, வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டா. விஷயம் இதுதான். மூன்றாம் கிழமை அவவுடைய பக்கத்துத் தாய்தகப்பன்மார் திரண்டு வந்து, "வாற வருஷம் ஸ்கொலஷிப் சோதனை, எங்கட பிள்ளைகள் ரொட்டி தின்னுதுகள், அந்தப் பக்கம் ஒழுங்காப் புத்தகம் படிக்குதுகள், எங்களை ஏன் ஏமாத்துறீங்கள்" என்று பிடித்துக்கொண்டார்களாம். அவவும் பயந்து, அன்றிலிருந்து ரொட்டியையும் கதையையும் விட்டுவிட்டுப் பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து கரும்பலகையில் படிப்பித்தாவாம். ஆகவே அந்தப் பக்கம்தான் கட்டுப்பாட்டுக் குழுவாக இருந்திருக்கிறது, நான்தான் புது முறை. பிறிஜெற் லுத்பியாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முன்வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அப்பா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று நேரே என்னிடமே கேட்டாள். ஆகையால் அவளுக்கு ஒன்றும் எழுதவேண்டாம். இந்த மாக்ஸ் ஒன்றையும் பாவிக்க முடியாதாம், ஆராய்ச்சியை அடுத்த தவணை முதலிலிருந்து செய்யப் பேராசிரியை போன கிழமையே விட்டிருக்கிறாவாம், முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கும் ரொட்டியும் கதையும் உண்டாம். ஆனால் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, ஆர் வந்து என்ன சொன்னாலும் காதில் விழுத்தாமல், புதிதாக ஒன்றுமே செய்யாமல், புத்தகத்தை மட்டும் படிப்பிக்கக்கூடிய ஒரு ஆள் கொழும்பு முழுக்கத் தேடியும் இல்லையாம். நீங்கள் இருபத்தெட்டு வருஷம் ஒரே நோட்ஸ் கொப்பியை வைத்துப் படிப்பித்து பென்ஷன் எடுத்ததை நான் சொன்னேன். அவளுக்குச் சரியான சந்தோஷம். அறை ஒதுக்கியாயிற்று. எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.