கோட்டுச்சேரிமேட்டு நாற்காலிப் பெரும்போர்

மண்ணை வென்றவர்களும் மன்னரை வென்றவர்களும் பாடப்பெற்றுவிட்டார்கள். பாடியவர்களும் பரிசில் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாடப்படாமல் எஞ்சியிருப்பவர் ஒருவரே. நகரும் பேருந்தின் சன்னல் வழியே துண்டெறிந்து இருக்கை கவரும் இணையற்ற வலக்கையினரும், மன்னார்குடிச் சார்பதிவாளர் அலுவலகத்தின் தலைமை எழுத்தரும், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நீலாயதாட்சியைக் கைப்பிடித்த மணவாளருமாகிய குஞ்சிதபாதத்தின் வீரப் புகழை இனி உரைக்கப் புகுகின்றோம். நாமகளே, எம் நாவில் வந்து அமர்க! அமர இடமில்லையெனில் நின்றபடியேனும் அருள்க!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு, மே மாதத்துக் கொடுவெயில் டெல்டாவின் வாய்க்கால்களை எல்லாம் வறட்டிக் காயப் போட்டிருந்த காலை, இப்பெருமகனார் தம் இல்லாளை அழைத்துக்கொண்டு கடற்காற்று வாங்கக் காரைக்கால் நோக்கிப் படையெடுத்தார். திருமணமான நாள்தொட்டு அவ்வம்மையார் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டிலே இவர் உண்பார், அவர் பரிமாறுவார்; இவர் எழுந்து கை கழுவிய பின்னர் அவர் அடுப்படியில் தனியே அமர்ந்து உண்பார். ஒரே ஒரு நாள், யாரோ சமைத்து யாரோ பரிமாற, இவரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருசேரச் சாப்பிட வேண்டும் என்பதே அவ்வரம். “காரைக்காலில் நிறைவேற்றுவேன்! இது சத்தியம்!” என்று பேருந்து நிலையத்தில், நடத்துநரும் கேட்கும்படியாக, முழங்கினார் குஞ்சிதபாதம்.

அதற்கு வேண்டிய அனைத்தும் அங்கே ஆயத்தமாக இருந்தன. கோட்டுச்சேரிமேட்டுக்குப் போகும் வழியில், வயலும் சவுக்குத் தோப்பும் கைகுலுக்கும் இடத்தில், பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன பங்களா ஒன்று தங்கும் விடுதியாக நிமிர்ந்து நின்றது. கொசுவலை கட்டிய தேக்குக் கட்டில்களும், புத்தம்புது இலவம்பஞ்சு மெத்தைகளும், கூப்பிட்டால் வருகின்ற தண்ணீரும் உடைய அவ்விடுதியைச் செல்லையன் என்ற காவலர் தனியொருவராகக் காத்தும் பெருக்கியும் வந்தார். கூப்பிடு தூரத்தில் முகைதீன் பிச்சையின் சாப்பாட்டுக் கடை. அதன் நண்டுக் குழம்பின் மணம் நண்பகலில் தோப்பைத் தாண்டி வந்து, பங்களாவில் தங்கியிருப்போரின் சட்டையைப் பிடித்து இழுக்கும். குடும்பத்தோடு வருவோர்க்கென்று தட்டி மறைத்த தனி அறையும் அங்கே உண்டு. ஒரு மணிக்கு மேல் அங்கே போனால் குழம்பின் வாசனை இருக்கும், குழம்பு இருக்காது என்பதை ஊரறியும். செல்லையன் அதை இவர்கள் வந்திறங்கியவுடனேயே எச்சரித்தும் இருந்தார்.

ஆனால் அந்தோ! பங்களாவின் கிழக்கு வராந்தாவில் ஒரு நாற்காலி கிடந்தது. பிரம்பு பின்னிய நெடிய உடலும், காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள வாகாக நீண்டு விரிந்த இரு கைகளும் கொண்ட சாய்வு நாற்காலி அது. சவுக்குகளின் நடுவே வழி கண்டுபிடித்து வரும் கடற்காற்று, வேறெங்கும் தங்காமல் நேரே வந்து அதில் சாய்ந்திருப்பவரின் மார்பில்தான் இறங்கும். அத்தகைய நாற்காலி அவ்விடுதியில் ஒன்றே ஒன்றுதான்.

அதன்மேல் கண் வைத்த இன்னொரு மாவீரரும் அங்கே தங்கியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்னும் சிப்பாயாகச் சேர்ந்து, சைகோனில் துப்பாக்கி பிடித்து, இப்போது புதுச்சேரியில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் சோமசேகரனே அவர். பிறந்த மண்ணின் காற்றை வாங்கிப்போக மனைவி லோகாம்பாளுடன் ஆண்டுதோறும் வருபவர். முறுக்கிய மீசையும் முழங்கால் வரை ஏறிய காலுறையுமாக, முதல் நாள் மாலை முழுவதும் அவ்வரியணையில் அவரே வீற்றிருந்தார். அதைக் கண்ட குஞ்சிதபாதத்தின் நெஞ்சு, அடுப்பில் மறந்துபோய் விட்டுவிட்ட பால்போலப் பொங்கி வழிந்தது.

மறுநாள் பொழுது புலர்வதற்குள் நம் தலைவர் எழுந்தார். பல் விளக்குவதற்கும் முன்பாகத் தம் குலப்படையாகிய ஈரிழைத் துண்டை நாற்காலியின்மேல் விரித்தார். மன்னார்குடி முதல் கும்பகோணம் வரை எந்தப் பேருந்திலும் எந்தத் திருமண மண்டபத்திலும் செல்லுபடியாகின்ற சட்டம் அது. துண்டு கிடக்கும் இடம் துண்டுக்காரனுடையது. அதைக் கையால் தொட்டவன் மனிதனே இல்லை. ஆனால் பல் விளக்கித் திரும்பிய அண்ணல் கண்டது என்ன? நான்காக மடிக்கப்பட்டு வராந்தாக் கைப்பிடிச் சுவரில் கிடந்தது துண்டு. அதனருகே நின்று, நாற்காலியில் உட்காருவதற்காகத் தம் காற்சட்டையைச் சற்றே மேலேற்றிக்கொண்டிருந்தார் சோமசேகரன்!

கணமும் தாமதித்தாரில்லை குஞ்சிதபாதம். பகைவரின் பின்புறம் பிரம்பைத் தொடுவதற்கு அரைச் சாண் இருக்கையிலே, பக்கவாட்டில் பாய்ந்து, நாற்காலியில் விழுந்து, நிலைகொண்டார். மெய்யாகவே விழுந்துதான் நிலைகொண்டார். முழங்கை இரண்டு நாள் வலித்தது.

“துண்டு போட்டிருந்தேனே, பாக்கலியா நீங்க?” என்று கர்ச்சித்தார் மன்னார்குடியார்.

“துண்டு போட்டா எடம் ஆயிடுமா? எங்க பட்டாளத்துல ஆள் ஒக்காந்தாத்தான் எடம், மிசியே! எந்திரிச்சா எடம் போச்சு!” என்று பதில் முழக்கம் செய்தார் சைகோன் கண்ட வீரர். செய்துவிட்டு, எதிரே ஒரு மர முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முற்றுகையைத் தொடங்கினார்.

அன்றைய காலைப் பொழுதை எப்படிப் பாடுவோம்! இவர் கண் கொட்டாமல் அவரை நோக்கினார். அவர் கண் கொட்டாமல் நாற்காலியை நோக்கினார். செல்லையன் கொண்டுவந்த காலை இட்டிலியை இருவரும் தத்தம் களங்களிலேயே இடக்கையில் தட்டேந்தி உண்டனர். பத்து மணிக்கு அண்டங்காக்கை ஒன்று இடையே வந்து அமர்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்களிடம் ஒன்றும் பெயராது என்று கண்டு பறந்தது. கடற்காற்று வீசத்தான் வீசியது. ஆனால் அதை அனுபவிக்க வேண்டும் என்ற நினைப்பே குஞ்சிதபாதத்துக்கு வரவில்லை. விறைத்த முதுகோடு சாய்வு நாற்காலியில் சாயாமல் அமர்ந்திருந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு நண்டுக் குழம்பின் மணம் தோப்பைக் கடந்தது. நீலாயதாட்சி குளித்து, பூ வைத்து, கலியாணங்களுக்கு மட்டுமே கட்டும் மாம்பழ நிறப் பட்டை உடுத்தி வந்து நின்றார்.

“வாங்க, போவலாம். செத்த நேரம் போனா தீந்துடுமாம்.”

எழலாமா? அண்ணலின் உள்ளத்திலே இரு பெரும் படைகள் மோதின. ஒரு பக்கம் பேருந்து நிலையச் சத்தியம். மறு பக்கம் முக்காலியின் விளிம்புக்கு நகர்ந்துவிட்ட சோமசேகரன். “இதோ, ரெண்டு நிமிஷம். நீ செருப்பப் போட்டுக்க” என்றார். நீலாயதாட்சி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் நின்றார். அங்கே லோகாம்பாளும் தம் சொல்தாவுக்காகச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். இரு மாதரசியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பன்னிரண்டே முக்காலுக்கு மீண்டும் வந்து கூப்பிட்டார் நீலாயதாட்சி. “வந்துட்டேன், வந்துட்டேன்” என்று பகைவரைவிட்டுப் பார்வையை எடுக்காமலே விடையிறுத்தார் வீரர். அம்மையார் சிறிது நேரம் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த முகம் அவர் பக்கம் திரும்பவில்லை. பிறகு பட்டுப் புடவையின் சரசரப்பு மெல்லத் தேய்ந்து அடங்கியதை, பகைவரின் மூச்சைக்கூட எண்ணிக்கொண்டிருந்த அந்தக் கூர்ஞ்செவிகள் கேட்கவில்லை.

மணி ஒன்று. சோமசேகரனின் வயிற்றிலிருந்து எழுந்த முழக்கம் வராந்தாவின் ஓடுகளை அதிரச் செய்தது. குஞ்சிதபாதத்தின் வயிறு அதற்குத் தக்க மறுமுழக்கம் எழுப்பியது. ஒன்றரை. மீசையின் முறுக்கு தளர்ந்தது. ஒன்றே முக்கால். இந்தோசீனக் காடுகளிலே பசித்திருந்து பழகியவர்தான். ஆனால் அங்கே தோப்புக்கு அப்பால் நண்டுக் குழம்பு இருந்ததில்லை. சைகோன் சிங்கம் முக்காலியைவிட்டு எழுந்தது. “வச்சுக்குங்க! கட்டிக்கிட்டு அழுவுங்க!” என்று தன் இறுதிப் பிரகடனத்தை வெளியிட்டு, “லோகா! ஏ லோகா!” என்று கூவியபடி உள்ளே போயிற்று.

வென்றார் குஞ்சிதபாதம்! வானவர் மலர் பொழிந்தனரோ இல்லையோ, சவுக்கு மரம் சில ஊசி இலைகளை அவர் வழுக்கைத் தலைமேல் உதிர்த்தது. முதன்முறையாக முதுகைச் சாய்த்தார். கால்களை நீண்ட கைகளின்மேல் தூக்கிப் போட்டார். காற்று மார்பில் இறங்கியது. உலகனைத்தையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட சக்கரவர்த்திகளும் பெற்றறியாத அப்பேரின்பத்தை அவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் துய்த்தார். பின்னர் வெற்றிவேந்தர்க்கே உரிய பெருந்தன்மையோடு எழுந்து, அரியணையைத் துறந்து, “நீலா! கெளம்பு, சாப்புடப் போவலாம்!” என்று எட்டுத் திக்கும் கேட்க முழங்கினார்.

எட்டுத் திக்கும் கேட்டன. எதுவும் பதில் சொல்லவில்லை. அறையில் ஆளில்லை, வாசற்படியில் செருப்பும் இல்லை. திகைத்துத் தெருப் பக்கம் வந்தவரின் கண்களில், வேலியோரமாக மெதுவாக நடந்துவந்த இரு பெண்கள் பட்டார்கள். லோகாம்பாள் ஏதோ சொல்ல, நீலாயதாட்சி வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். இருவர் உதடுகளும் வெற்றிலையில் சிவந்திருந்தன.

“எங்க போயிட்ட?” என்றார் குஞ்சிதபாதம். முழக்கம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ள, வெறும் குரலே வெளிப்பட்டது.

“சாப்புட்டுட்டு வரேங்க.” சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. “ஒங்களுக்கும் சேத்துத்தான் எதிர எல போடச் சொன்னேன். வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன். எவ்வளவு நேரந்தான் வெத்து எலயப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறது? இந்த அக்காதான் ‘எனக்கும் அதே கததான்’னு எந்திரிச்சு வந்து அந்த எலயில ஒக்காந்தாங்க.”

குஞ்சிதபாதம் வராந்தாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நண்டு... நல்லா இருந்துச்சா?”

நீலாயதாட்சி சற்று யோசித்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அவரிடம் இக்கேள்வியை எவரும் கேட்டதில்லை.

“சூடா இருந்துச்சுங்க” என்றார். சொல்லிவிட்டு லோகாம்பாளோடு வராந்தாவுக்குப் போனார்.

குஞ்சிதபாதம் முகைதீன் பிச்சை கடைக்குப் போனபோது அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதனால் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பன் வாங்கித் தின்றார்.