நூற்று அறுபத்தாறு அண்ணன்கள்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. அண்ணி மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து "சாப்பிட்டீங்களா தம்பி" என்று கேட்கும்போது, பின்னால் தாங்கள் இருமுவது தெளிவாகக் கேட்கிறது. சென்ற மாதம் இருமல் சற்றுக் கூடுதலாக இருந்தது. இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளவும். ஆறு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவன் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறான் என்று தாங்கள் கேட்கலாம். தங்களுக்குச் சொந்தமான சில படங்கள் என் வசம் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றை முறைப்படி ஒப்படைப்பதற்காகவே இது. வேறு நோக்கம் எதுவும் இல்லை.

தாங்கள் ஓய்வு பெற்ற வருஷம் தாங்களும் அண்ணியும் நானும் பத்து நாள் மலைப்பக்கம் போய் வந்தோம் அல்லவா, அப்போது நான் எடுத்த படங்கள் எல்லாம் விரல் நகம் அளவு மெமரி கார்டு ஒன்றில் இருந்தன. தினமும் மாலை நாலு மணிக்கு அதை டிவியில் செருகி ஒரு மணி நேரம் பார்ப்பேன். ஐந்து அடித்ததும் பிடுங்கி, துணியில் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். முப்பத்தொரு வருஷம் ஆவண அறையைக் கட்டிக் காத்தவனுக்கு, ஐந்து மணிக்கு மேல் ஒரு கோப்பு வெளியே கிடந்தால் சோறு இறங்காது என்பது தங்களுக்குத் தெரியும். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைப் பிடுங்கக் கூடாதாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆள் இருந்தால்தானே.

ஆறு வருஷம் பொறுத்த கார்டு, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை படுத்துவிட்டது. மலைக்குப் பதிலாக டிவியில் ஓர் அறிவிப்பு வந்தது: கார்டைப் படிக்க முடியவில்லை, முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவா? மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் எதற்கும் 'ஆம்' சொல்லிப் பழகாதவன் ஆனதால் 'இல்லை' என்று அழுத்தினேன். திரும்பவும் கேட்டது. பதினோரு தடவை கேட்டது, பதினோரு தடவையும் அசையாமல் நின்றேன். பிறகு கார்டை வாயால் ஊதினேன். பென்சில் ரப்பரால் தேய்த்தேன். வெயிலில் காட்டினேன். மேல்வீட்டு பஸ் கண்டக்டர், நான் மொட்டை மாடியில் ஒரு நகத்துண்டைக் காய வைத்துக் காவல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அரிசி டப்பாவுல போட்டு வைங்க சார், எங்க வீட்டுல போன் தண்ணியில விழுந்தப்ப அதான் செஞ்சோம்" என்றார். "இது தண்ணியில விழலையே" என்றேன். "விழலைன்னாலும் நல்லதுதான் சார்" என்றார். சரி, மனிதர் அக்கறையாகச் சொல்கிறாரே என்று போட்டேன். போட்டதை மறுநாள் காலை மறந்தேன். ஒரு ஆளுக்கு உலை வைக்க அரை டம்ளர் அரிசி எடுத்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவியபோது விரலில் ஏதோ தட்டியது. கார்டு முதன்முதலாக நனைந்தது அப்போதுதான்.

கடைத்தெருவில் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற ரகம், ஆனால் வேலையில் கெட்டி. "எடுத்துடலாம் சார், நாலு நாள் ஆகும். போன் பண்றேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டார். நான் நாலு நாளும் நேரிலேயே போனேன். அவசியம் இல்லைதான். அங்கே ஒரு முக்காலி இருக்கிறது, அந்த அம்மா டீ வாங்கும்போது எனக்கும் சேர்த்தே சொல்கிறார், "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார்" என்றால் "ஆமாம்மா" என்று நான் சொல்கிறேன். வீட்டில் வெயிலைப் பற்றி டிவிதான் சொல்லும். அதற்கு நான் பதில் சொல்லியும் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு பழைய விவகாரத்தைத் தொட வேண்டியிருக்கிறது. திரும்பி வரும் ரயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மேல் பர்த்தில் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து அண்ணியிடம் தாங்கள் சொன்னது, வார்த்தை மாறாமல் இன்னும் காதில் இருக்கிறது: "அவனுக்கு வேற யாரு இருக்கா, எங்க போனாலும் கூட்டிட்டுப் போய்த்தான ஆகணும்." நான் கல்யாணம் செய்துகொள்ளாதது என் விருப்பம். அதற்காக என்னை மூட்டை முடிச்சோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பதா? ஸ்டேஷனில் இறங்கியவன் தங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து, கேமராவைக் கையில் எடுத்து, தாங்கள் இருந்த படம் ஒவ்வொன்றையும் தேடித் தேடி அழித்தேன். மொத்தம் நூற்று எழுபத்து மூன்று. அண்ணி தனியாக நின்ற படங்களை வைத்துக்கொண்டேன், அவர் மீது எனக்கு வருத்தமில்லை. மீதி இருந்தவை மலை, அருவி, விடுதி அறையின் திரைச்சீலை. ஆறு வருஷம் நான் பார்த்ததெல்லாம் அந்தத் திரைச்சீலையைத்தான்.

நாலாம் நாள் அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மலையெல்லாம் பாதிதான் வந்திருந்தது, மீதிப் பாதி சாம்பல் நிறப் பட்டை. அண்ணி கழுத்து வரைக்கும்தான். அப்புறம் வரிசையாகத் தாங்கள். அருவிக்கு முன்னால் தாங்கள், கம்பளிக் குல்லாவில் தாங்கள், வாயைத் திறந்து "எடுத்தாச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே தாங்கள். ஒரு கீறல் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதெல்லாம் நான் அழிச்சதும்மா!"

"அழிச்சா அழியாது சார். பட்டியல்ல இருந்து பேரை மட்டும்தான் எடுக்கும். ஆளு உள்ளயேதான் இருப்பாரு."

"ஆறு வருஷமாவா?"

"அது மேல புதுசா படம் எடுத்தாத்தான் பழசு போகும். நீங்க அப்புறம் ஏழே ஏழு படம்தான எடுத்திருக்கீங்க?"

உண்மைதான். தண்ணீர் மீட்டரை மூன்று தடவை, ஒழுகிய குழாயை நாலு தடவை. புகார் மனுவோடு இணைப்பதற்காக எடுத்தது. அந்த ஏழு இடத்தில் இருந்த தங்கள் ஏழு படங்கள் போய்விட்டன, மீதி நூற்று அறுபத்தாறு பத்திரமாக இருக்கின்றன. எனக்குப் படம் எடுக்க ஆள் இல்லாமல் போனதால்தான் தாங்கள் பிழைத்தீர்கள் அண்ணா. சிரிப்பு வந்தது, அந்த முக்காலியில் உட்கார்ந்தபடி கண்ணும் கலங்கிவிட்டது. கண்ணில் தூசி என்று சொன்னேன். அந்த அம்மா நம்பினாரா தெரியவில்லை, மின்விசிறியை நிறுத்தினார்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அழிக்கும்போது நான் தங்கள் முகத்தைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் தங்கள் கையில் இரண்டு தண்ணீர் பாட்டில். ஒன்று சிவப்பு மூடி, ஒன்று நீல மூடி. நீல மூடி என்னுடையது. பத்து நாளும் மலை ஏறி இறங்கியபோது அதைச் சுமந்தது தாங்கள், ஒரு தடவைகூட "உன்னுடையதை நீ தூக்கு" என்று சொல்லவில்லை. ஒரு படத்தில் பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டு, அண்ணியையே உட்கார விடாமல் கையை நீட்டி மறித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இருக்கையில் வழி முழுக்க உட்கார்ந்து வந்தவன் நான்.

"யாரு சார் இவரு, எல்லாப் படத்துலயும்?" என்று அந்த அம்மா கேட்டார். "எங்க அண்ணன்" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. "உங்களை ஒரு படத்துலயும் காணோமே?" என்றார். "நான்தானேம்மா எடுத்தேன்" என்றேன்.

ஆகவே, மேற்படி நூற்று அறுபத்தாறு படங்களையும் தனி கார்டு ஒன்றில் ஏற்றி இத்துடன் இணைத்துள்ளேன். பெற்றுக்கொள்ளவும். பதில் தேவையில்லை. என்னைப் பார்க்க வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. மேல்வீட்டில் கண்டக்டர் இருக்கிறார், டிவி இருக்கிறது. ரயிலில் தாங்கள் சொன்னதை நான் மறந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கங்கள். தாங்கள் இருமலுக்கு வெந்நீர் குடித்து, பல்லாண்டு நலமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் தம்பி

பின்குறிப்பு: கார்டை இணைத்திருப்பதாக மேலே எழுதியிருக்கிறேன், இணைக்கவில்லை. தபாலில் தொலைந்துவிடும். நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். முன்னறையைப் பெருக்கி இரண்டு கட்டிலுக்கும் புது விரிப்பு போட்டிருக்கிறேன், இன்று முதல் அரிசியும் இரண்டு டம்ளராகத்தான் எடுக்கப்போகிறேன். நீல மூடி பாட்டில் அங்கேதான் இருக்க வேண்டும், மறக்காமல் கொண்டுவரவும். ரயிலில் தாங்கள் சொன்னது உண்மைதான் அண்ணா, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கேமராவுக்குப் புது பேட்டரி வாங்கியாயிற்று. வலது கைப்பக்கம் மேலே இருக்கிற பெரிய பொத்தானை அழுத்தினால் போதும். இந்தத் தடவை படம் எடுப்பது தாங்கள்.